படத்தின் இடது பாதி

கமராவை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சூசைதாசன் வலது கையால் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய சாரத்தில் கிழித்த துணி. தோய்த்துத் தோய்த்துப் பஞ்சாகிவிட்டது. நடுவில் தொடங்கி வட்டம் வட்டமாக ஓரத்துக்கு வருவார், வாயால் ஊதுவார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மறுபடியும் வட்டம் போடுவார். இடது கை அதன்பாட்டில் மடியிலிருந்து சரிந்து, நாற்காலிக்கும் மேசை விளிம்புக்கும் இடையில் நெரிபட்டுக் கிடந்தது. அது அவருக்குத் தெரியாது.

"கை," என்றாள் அவர் மனைவி புஷ்பராணி. சொல்லிவிட்டு அவளே அதை எடுத்து மடியில் வைத்தாள்.

"ஓம், ஓம்."

"ஓம் எண்டு சொல்லுறியள். பாக்கிறியள் இல்லை."

"பாத்தனான்தானே."

பார்க்கவில்லை. புஷ்பராணி சப்பாத்தை எடுத்து வந்து அவர் கால்களில் மாட்டினாள். வெளியே போகும் நாள் அது.

2004ஆம் ஆண்டு மார்ச் மாத நடுப்பகுதி. ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தெருவோரங்களில் பெப்ரவரிப் பனியின் மிச்சம் கறுத்த கட்டிகளாகக் கிடந்தது. முந்திய நவம்பரில் சூசைதாசனுக்குப் பாரிசவாதம் வந்திருந்தது. பேச்சு பிழைத்துக்கொண்டது. கால் பாதி திரும்பி, நாலு சக்கரத் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நடக்கும் அளவுக்கு வந்தது. இடது கை வரவில்லை. அதைவிட விசித்திரமான ஒன்று நடந்திருந்தது. உலகத்துக்கு இடது பக்கம் என்று ஒன்று உண்டு என்பதே அவர் மூளைக்கு மறந்துபோயிருந்தது. கண்ணில் பழுதில்லை. ஆனால் சவரம் செய்தால் வலது கன்னம் மட்டும் பளபளக்கும். தட்டில் சோறு போட்டால் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடன்," என்பார். புஷ்பராணி தட்டை அரை வட்டம் திருப்பி வைப்பாள். இடது பக்கத்துச் சோறு வலது பக்கம் வந்துவிடும். "இப்ப போட்டதோ?" என்று கேட்டுச் சாப்பிடுவார்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்பவளுக்கு இது புதிதல்ல. நாற்பது வயதுக்குப் பிறகு, பிள்ளைகள் வயதிலிருந்தவர்களோடு வகுப்பு வாங்கில் உட்கார்ந்து பராமரிப்புப் படிப்புப் படித்து முடித்தவள் அவள். அங்கேயும் இப்படித் தட்டைத் திருப்பி வைத்திருக்கிறாள். அழுது பிரயோசனமில்லாத விஷயங்கள் எவை என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்கிருந்த கவலை கமராதான்.

சூசைதாசன் எண்பத்தைந்தில் ஜெர்மனிக்கு வந்தார். அகதி விடுதியின் முற்றத்தில் ஒரு பெரிய மரம் நின்றது. முதல் குளிர்காலத்தில் அதைப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் இருந்த பள்ளித் தோழர் அரியரத்தினத்துக்கு எழுதினார்: இங்கே மரங்கள் எல்லாம் செத்துவிட்டன, வெட்டி விறகாக்கவும் இந்தச் சனங்களுக்குத் தெரியவில்லை என்று. ஏப்ரலில் அந்த மரம் தளிர்த்தது. எழுதிவிட்டோமே என்ற வெட்கத்தில், பழைய சாமான் சந்தையில் ஒரு கமரா வாங்கி, தளிரைப் படமெடுத்து அனுப்பினார். அரியரத்தினம் சும்மா இருக்கவில்லை. அடுத்த மாசியில், இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்று சிவப்பாய்ப் பூத்திருந்த முள்முருக்கைப் படமெடுத்து, 'எங்கட ஊரிலும் செத்த மரம் பூக்கும்' என்று எழுதி அனுப்பினார். பிறகு மூன்றாவது தோழர் தவராசா நோர்வேயின் வடமுனையில் ஒரு மீன் தொழிற்சாலைக்குப் போனார். சூரியனே எழும்பாத குளிர்காலம். அவரும் சேர்ந்துகொண்டார்.

அப்படித் தொடங்கியது வழக்கமாகிவிட்டது. அவரவர் ஊரில் குளிர் விலகும்போது ஆளுக்கொரு படம். யாழ்ப்பாணத்தின் பனிக்காலம் முதலில் முடியும், அரியரத்தினம் அனுப்புவார். பிறகு ஹம். அதன் பிறகு, மே மாதத்தில், வீதியோரப் பனிச்சுவர் இடிந்து விழும் நோர்வே. ஒருவர் அனுப்பாமல் அடுத்தவர் அனுப்பக் கூடாது. படத்தை ஓரம் வெட்டக் கூடாது. தன் கையால் எடுத்ததாக இருக்க வேண்டும். மூன்று பேரும் இந்தச் சட்டங்களைக் கோயில் காரியம் போலக் காத்தார்கள்.

கம்பி இழுக்கும் ஆலையில் இரவு பகல் மாறி மாறி வேலை செய்த மனிதர், விடுமுறை நாளில் தூங்காமல் ஒரு மொட்டுக்காகக் கால்வாய்க் கரையில் விறைத்துப்போய் நிற்பார். அவர் படம் எடுப்பதைக் கேள்விப்பட்டுச் சாமத்தியச் சடங்குக்கும் கலியாணத்துக்கும் கூப்பிட்டார்கள். போகமாட்டார். "ஆக்கள் எண்டால் ஆடுவினம், கண்ணை மூடுவினம், பிறகு படத்தைப் பாத்துப்போட்டு என்னைப் பேசுவினம். மரம் பேசாமல் நிக்கும்," என்பார். அவர் படங்களில் பனி உருகும் விதத்தை வைத்தே அது காலையா மாலையா என்று சொல்லிவிடலாம். அவ்வளவு பொறுமை. புஷ்பராணி அதை வாயால் மெச்சியதில்லை. வீட்டுச் சுவரில் வேறு எதையும் மாட்ட விட்டதுமில்லை.

இந்த ஆண்டு அவர் படம் அனுப்பாவிட்டால் இனி அனுப்பமாட்டார். அது அவளுக்கு நிச்சயம். தானாகச் செய்கிற கடைசிக் காரியமும் கையைவிட்டுப் போன மனிதர்களை இல்லத்தில் பார்த்திருக்கிறாள். ஜன்னலோரம் உட்காருவார்கள். கொஞ்சக் காலத்தில் அந்த நாற்காலியில் அவர்கள் உடம்பின் பள்ளம் விழுந்துவிடும்.

தவராசா கிழமைக்கு ஒரு தடவை போன் எடுப்பார்.

"டேய் மச்சான், அங்க இன்னும் மாரியோ? என்ர முறை வர முதல் எனக்குப் பென்சன் வந்திடும் போல."

"படம் வரும். நீ உன்ர மீனை வெட்டு."

"கை எப்பிடியடா?"

"கைதான் கொஞ்சம் மடங்காது. மிச்சமெல்லாம் சுகம்."

அடுப்படியில் நின்ற புஷ்பராணி இதைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் அரிந்தாள்.

அந்தச் சனிக்கிழமை, ஊன்ட்றொப் பகுதியிலுள்ள அம்பாள் கோயிலுக்குப் போகும் பாதையில், கால்வாய்க் கரையில் காரை நிறுத்தினாள். அங்கே ஒரு கிழட்டு வில்லோ மரம். இலை வருமுன்னே அதன் கிளையெல்லாம் வெள்ளிநிறத்தில் பூனைக்குட்டியின் காலடி போல மென்மயிர் மொட்டுகள் வெடிக்கும். ஓலை கிடைக்காத இந்த ஊரில் குருத்தோலை ஞாயிற்றுப் பூசைக்கு அந்தக் கிளையைத்தான் கையில் கொடுப்பார்கள். சூசைதாசன் தள்ளுவண்டியின் பிடியில் முழங்கையை ஊன்றி, கழுத்தில் தொங்கிய சின்ன டிஜிட்டல் கமராவை வலது கையால் தூக்கி எடுத்தார். முகம் மலர்ந்தது.

"கிடைச்சிட்டுது, ராணி."

அவள் பக்கத்தில்தான் நின்றாள். அவர் எதைக் காணவில்லை என்பதையும் கண்டாள். காரின் கதவைத் திறந்துவிட்டாள்.

கடையில் படத்தை அச்செடுத்துக்கொண்டு வந்தார்கள். ஞாயிறு காலை, வுப்பர்டாலில் வேலை பார்க்கும் மகள் வேணுஜா வந்தாள். சூசைதாசன் படத்தை அவளிடம் நீட்டினார்.

"எப்பிடி?"

வேணுஜா பார்த்தாள். வலது பாதி அசலாக இருந்தது. கறுத்த நீர், ஓரத்தில் கண்ணாடித் தகடு போல் கடைசிப் பனிக்கட்டி, அதற்கு முன்னால் வெள்ளி மொட்டுகள். இடது பாதியில், கரை திருத்தும் வேலையாட்களுக்காக வைத்த நீலநிறப் பிளாஸ்டிக் கழிப்பறை. அதன் கதவு திறந்திருந்தது. ஒரு தடித்த மனிதன் காற்சட்டையை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தான்.

"நல்லாயிருக்கு அப்பா," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடி வந்தாள்.

"அம்மா, என்ன கோலம் இது! மனுசன் கழிசானைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது!"

"கண்டனான்."

"எடுக்கேக்க பக்கத்திலதானே நிண்டனீங்கள்? ஒரு சொல்லுச் சொல்லுறதுக்கென்ன?"

"நான் சொல்லிச் சொல்லி எடுத்தால் அது என்ர படம். அப்பான்ர இல்லை."

"அப்பாக்குத் தெரியேல்லையோ? படத்தைக் கையில வைச்சுக்கொண்டுதானே இருக்கிறார்?"

"எடுக்கேக்கயும் இடது பக்கம் இல்லை. பாக்கேக்கயும் இல்லை. அவற்ற கண்ணுக்கு அது நல்ல படம்."

வேணுஜா யோசித்தாள். "நான் லப்டொப் கொண்டு வந்தனான். ஒரு நிமிசம், இடது பக்கத்தை வெட்டி அனுப்பிவிடுறன். அப்பா கண்டுபிடிக்கவே மாட்டார்."

"அடுத்த வருசம்?"

"அடுத்த வருசமும் வெட்டுவம்."

"உன்னைக் கேக்காமல் ஒரு நாள் தானே அனுப்பினால்? அவையள் ரெண்டு பேரும் சிரிச்சு, பிறகு விசயம் விளங்கி, பிறகு பாவம் பாத்துப் பேசாமல் விடுவினம். அதைவிட ஒரு மனுசனைக் கொல்லலாம்."

"சொன்னால் கமராவைத் தூக்கி எறிஞ்சிடுவார், அம்மா."

"எறிஞ்சால் எறியட்டும். ஏமாத்தி வைச்சிருக்க அவர் குழந்தைப்பிள்ளையோ? நீ பப்படத்தைப் பொரி."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படிக் காட்டுவது என்று அவளுக்கும் பிடிபடவில்லை. சொன்னால் ஏறாது என்பது அவளுக்குத் தெரியும். வைத்தியசாலையில் பயிற்சி கொடுத்த பெண் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இவரும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டியிருக்கிறார். கேட்டதைத் தலை பிடித்துக்கொள்ளவில்லை. அவர் தன் கண்ணால் காண வேண்டும்.

மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். படம் தண்ணீர்ச் சாடியில் சாய்த்து அவருக்கு எதிரே நின்றது. தட்டில் வலது பாதி முடிந்தது. புஷ்பராணி தட்டை அரை வட்டம் திருப்பினாள். அதே கையோடு படத்தையும் எடுத்துத் தலைகீழாக வைத்தாள்.

சூசைதாசன் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"இதென்ன நீலமா?"

"கக்கூசு."

"எந்தக் கக்கூசு?"

"கரை திருத்திற ஆக்கள் வைச்சது."

"இது என்ர படமில்லை. வேற ஆரோ எடுத்தது."

"நேராக்கிப் பாருங்கோ."

கறி புரண்ட விரலாலேயே படத்தை நேராக்கினார். நீலம் போய்விட்டது, வில்லோ நின்றது. தலைகீழாக்கினார். நீலம் வந்தது, அந்த மனிதனும் தலைகீழாகத் தொங்கினான். நேராக்கினார். போய்விட்டது. வேணுஜா சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் கோபமில்லை. பூட்டிய வீட்டுக்குள் இன்னொரு அறை இருப்பதாகக் கேள்விப்பட்டவர் போல இருந்தார்.

"எப்ப துவக்கம் இப்பிடி?"

"ஆசுப்பத்திரியால வந்த நாள் துவக்கம்."

"எல்லாப் படமுமோ?"

"எல்லாம்."

"ஏன் சொல்லேல்லை?"

"நானும் சொன்னனான், அந்தப் பயிற்சிப் பிள்ளையும் சொன்னது. நீங்கள் ஓம் ஓம் எண்டனீங்கள்."

அவர் கையைக் கழுவினார். கமராவைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தார்.

"தவராசாவுக்குச் சொல்லிவிடு. இனி என்ர பக்கத்தால படம் இல்லை."

"நான் சொல்லமாட்டன். உங்கட கூட்டாளி, நீங்கள் சொல்லுங்கோ," என்றாள் புஷ்பராணி. பின்னேர வேலைக்கு நேரமாகிவிட்டது. கோட்டை மாட்டினாள். கதவடியில் நின்ற வேணுஜா கண் கலங்கியபடி, "இப்பிடியே விட்டுட்டுப் போறியளோ?" என்று கேட்டாள்.

"அங்க எனக்காக ஒன்பது பேர் காத்திருக்கினம். நீ கூட இரு. ஆனால் ஒண்டையும் எடுத்துக் குடுக்காதை."

அன்று இல்லத்தில் ஒரு கிழவிக்குச் சூப்பை ஊட்டும்போது அவள் கரண்டி இரண்டு தடவை தவறியது. வேறு யாருக்கும் அது தெரியாது.

வேலை முடிந்து வந்தவள் அடுப்படிக்குள் நுழைந்து நின்றுவிட்டாள். மேசையில் ஒரு வெங்காயம், வேணுஜாவின் திறப்புக் கோர்வை, தேயிலைப் பெட்டி, ஒரு செருப்பு, ஜாம் போத்தல், எல்லாம் வரிசையாக நின்றன. சூசைதாசன் எதிரே உட்கார்ந்து அவற்றைப் படமெடுத்தார். எடுத்ததும் மணிக்கட்டைச் சுழற்றிக் கமராவைத் தலைகீழாகப் பிடித்தார். அதன் பின்பக்கத்துச் சின்னத் திரையைப் பார்த்தார்.

"தேயிலைப் பெட்டி ஒண்டு நிக்குதெண்டு காட்டுது," என்று தனக்குள் சொன்னார். "எங்க அது?"

தலையை இடது பக்கம் திருப்பினார். போதாது. இன்னும் திருப்பினார். தாடை தோளில் முட்டிய பிறகுதான் கண் பெட்டியில் விழுந்தது.

"ம். நிக்குது. அதுக்கங்கால செருப்பு. ஆற்ற செருப்பு?"

"என்ர, அப்பா," என்றாள் சுவரோரம் நின்ற வேணுஜா. தாயைப் பார்த்து, "நீங்கள் போனதிலயிருந்து இதுதான். என்னைக் கிட்ட விடேல்லை. ஒழுங்கை மாத்தி வைக்க மட்டும் விட்டவர்," என்றாள்.

புஷ்பராணி கோட்டைக் கழற்றாமல் நின்றாள். எத்தனை பேருக்குத் தட்டைத் திருப்பி வைத்திருப்பாள். சாப்பிடுகிறவர் தானே திருப்பிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடிப்பார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. படிப்பித்தவர்களும் சொன்னதில்லை. செயலிழந்த கையோடு, பாதி உலகம் இல்லாத தலையோடு, இந்த மனிதர் ஒரு பின்னேரத்தில் வெங்காயத்தையும் செருப்பையும் வைத்து அதைச் செய்துவிட்டார்.

"சாப்பிட்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

"பொறு. ஜாம் போத்தல் இன்னும் பிடிபடேல்லை."

அடுத்த நாட்களில் மழை. மழையில் அவர் வீட்டுச் சாமான்களையெல்லாம் படமெடுத்தார். கழுத்து நோகிறதென்று எண்ணெய் போடச் சொன்னார். வியாழக்கிழமை விடியற்காலை வானம் வெளித்து, புல்லில் வெண்பனி படிந்திருந்தது. புஷ்பராணிக்கு அன்று வேலையில்லை. கேட்கும் முன்னே அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

கால்வாய்க் கரை விறைத்துக் கிடந்ததால் தள்ளுவண்டி சேற்றில் புதையவில்லை. அவர் வில்லோவுக்கு எதிரே நின்றார். புஷ்பராணி வேண்டுமென்றே அவருடைய இடது பக்கத்தில், ஆனால் நாலடி பின்னால் நின்றாள். விழுந்தால் பிடிக்கலாம், வேறெதற்கும் அவள் இல்லை. முதல் படம் எடுத்தார். தலைகீழாக்கினார்.

"நீலம்," என்றார். தள்ளுவண்டியை வலது பக்கம் நகர்த்தினார். ஒரு சில்லு வேரில் ஏறி இறங்கியது. புஷ்பராணியின் கை நீண்டு, பிறகு மடங்கியது. இரண்டாம் படம். நீலத்தில் ஒரு துண்டு இன்னும் இருந்தது. இன்னும் நகர்ந்தார். மூச்சு வாங்கியது. மூன்றாவதைப் பார்த்தபோது முனகினார்.

"கக்கூசு போயிட்டுது. இதென்ன, ஒரு தடி மாதிரி? சாம்பல் நிறம்."

புஷ்பராணி அதை வந்த நேரத்திலேயே கண்டுவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் தலையைத் திருப்பினார். தாடை தோளில் முட்டியது. குளிரில் கண்ணிலிருந்து நீர் வடிந்தது. துடைக்கக் கை இல்லை. ஒரே கையில் கமரா. பனிக்கட்டியின் விளிம்பில், ஒற்றைக் காலில், கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு ஒரு சாம்பல் நாரை நின்றது.

"அட," என்றார் மெதுவாக. "உவர் எப்ப வந்தவர்?"

"நாங்கள் வர முதலே நிக்கிறார்," என்றாள் புஷ்பராணி.

"நீ சொல்லேல்லை."

"நீங்கள் கேக்கேல்லை."

அவர் நாரையைக் கண்ணால் விடாமல் பிடித்துக்கொண்டே கமராவை உயர்த்தினார். கண்ணை எடுத்தால் போய்விடும் என்பது போல. பறவையிலிருந்து வலது பக்கமாக மெல்ல வந்து, நீரைக் கடந்து, வில்லோவின் வெள்ளி மொட்டுகளில் முடித்து, பொத்தானை அமர்த்தினார். தலைகீழாக்கிப் பார்த்தார். நேராக்கிப் பார்த்தார். மறுபடி தலைகீழாக்கினார். கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டார்.

அன்று பின்னேரம் புஷ்பராணி கணினியில் கம்பியைச் சொருகிக் கொடுக்க, அவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் படத்தை நோர்வேக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அனுப்பினார். இடது ஓரத்தில் நாரை, வலது ஓரத்தில் வில்லோ, நடுவில் திறந்துகொண்டிருக்கும் நீர். ஒரு மயிரளவும் வெட்டவில்லை.

அடுத்த நாள் காலை புஷ்பராணி தேநீரை வைக்க வந்தபோது அவர் தானே போனைக் காதில் வைத்திருந்தார்.

"படத்தைக் கண்டனியோ?"

"கண்டன், கண்டன்," தவராசாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "கொக்கை ஆர் பிடிச்சுக் கட்டி வைச்சது? ராணி அக்காவோ?"

"தவராசா, கேள். எனக்குக் கை மட்டுமில்லையடா. இடது பக்கம் தெரியாது. கண் நல்லம். தலைக்கு அந்தப் பக்கம் இல்லை. உந்தக் கொக்கை நான் முதலில காணேல்லை, படத்தைத் தலைகீழாப் பிடிச்சுத்தான் கண்டனான். இனியும் அப்பிடித்தான்."

புஷ்பராணி கோப்பையை அவரது வலது பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

"அப்ப கலியாண வீட்டுப் பந்தியில உன்ர இடது பக்கம் குந்தினால், உன்ர வடையையும் நான் எடுக்கலாம்," என்றார் தவராசா.

"எடுத்துப் பார். இலையைத் திருப்பிப்போடுவன்."

"சரியடா. எனக்கு இங்க பனி இன்னும் ஜன்னல் மட்டும் நிக்குது."

"உருகினாப் பிறகு எடு. உன்ர முறை."

அவர் போனை வைத்துவிட்டுத் தேநீரை எடுத்தார். புஷ்பராணி கோட்டை மாட்டிக்கொண்டு பேருந்துக்கு இறங்கினாள்.